உடைந்த மரச்சாமான் ஒன்று: நாங்கள் பியானோ பழுதுபார்க்கக் கற்ற கதை



வன்கொடுமை வழக்குகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், விடுதிகளின் நிலை, வராத கல்வி உதவித்தொகை என்றுதான் வழக்கமாக எழுதிவருகிறோம். இந்த முறை ஒரு பழைய பியானோவைப் பற்றி எழுதுகிறோம். "இதுக்கும் நம்ம வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு தம்பி கேட்டார். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாலாற்றங்கரையில், தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். இரண்டு அறை, சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு அம்பேத்கர் படம், நாற்பது பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் இருக்கும் ஆலயத்தில் புதிதாக மின்னணு கீபோர்டு வாங்கினார்கள். அங்கிருந்த பழைய பியானோவை என்ன செய்வதென்று தெரியாமல், "படிப்பகத்துக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க, பெஞ்சாவது செஞ்சுக்கலாம்" என்றார்கள். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் எழுதியிருந்தது: "உடைந்த மரச்சாமான் – 1." அந்த வரி பின்னால் எங்களுக்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்தப் பியானோவுக்கும் எங்கள் குடியிருப்புக்கும் பழைய உறவு உண்டு. ஆலயத்துக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி வெளியே வைத்ததும் மறுபடி உள்ளே வைத்ததும் எங்கள் தாத்தாக்களும் அப்பாக்களும்தான். இந்த மாதிரி நிமிர்ந்து நிற்கும் பியானோ 200 கிலோவுக்குக் குறையாது. மரப்பெட்டி போலத் தெரிந்தாலும் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. ஆறு பேர் வேண்டும். தூக்கிய ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தது கடைசி வரிசையில். எங்கள் அத்தை ஒருவர் சிறுமியாக இருந்தபோது அந்தப் பியானோவைத் துடைக்கப் போயிருக்கிறார். துணியோடு விரலும் பட்டு ஒரு கட்டை அமுங்கிவிட்டது. "தொடைக்கச் சொன்னா தட்டுறியா?" என்று அடிக்க வந்தார்களாம். "அந்த ஒத்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்பார் அத்தை.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, கிறித்தவம் போன பின் நீங்கள் பட்டியல் சாதி இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறித்தவத் தலித்துகளுக்கு இன்றும் இல்லை. அரசு மறந்துவிட்டது, ஆலயத்தின் கடைசி வரிசை மட்டும் நாங்கள் யார் என்பதை ஒருநாளும் மறக்கவில்லை. இந்தப் பின்னணியோடுதான் அந்தப் பெட்டி எங்கள் படிப்பகத்துக்குள் வந்தது.

முன்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். எலிக்கூடு, அந்துப்பூச்சி தின்ற கம்பளி, துருப்பிடித்த கம்பிகள். 85 கட்டைகளில் முப்பதுக்கும் மேல் அமுங்கினால் எழவில்லை. எழுந்தவை ஊளையிட்டன. எங்களோடு இருக்கும் தச்சுவேலை அண்ணன் மட்டும் உள்ளே தலையை விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை பெஞ்சு பண்றது பாவம். இதுல வேலை செஞ்சவன் கை தெரியுது" என்றார்.

சென்னையில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு முதியவர் வாழ்நாள் முழுவதும் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தவர் என்று கேள்விப்பட்டோம். தொலைபேசியில், "விறகுக்குப் போடுங்க" என்றார். விடாமல் கேட்டதும், "சரி, ஞாயித்துக்கிழமை வாங்க. பியானோவை இல்ல, உங்க காதைக் கொண்டு வாங்க" என்றார். நாங்கள் நான்கு பேர் காலை ரயிலில் போனோம்: தச்சுவேலை அண்ணன், பதினொன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர், சமூகப்பணி செய்யும் இதை எழுதும் கை.

அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்டுல யாராவது பாடுவாங்களா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியின் பல வடிவங்களை நாங்கள் அறிவோம். "யாரு புள்ள நீ", "எந்தத் தெரு", "சங்கீதம் ரத்தத்துல வரணும்பா". தச்சுவேலை அண்ணன், "பெரியப்பா பறை அடிப்பாருங்க" என்றார், கொஞ்சம் வீம்போடு. முதியவர் தலையாட்டினார். "அப்ப தாளம் இருக்கும். ஆனா இதுக்கு அதுவும் தேவையில்ல. எண்ணத் தெரிஞ்சாப் போதும்."

அதுவரை நாங்கள் நினைத்திருந்தது வேறு. சுருதி சேர்ப்பது என்பது பிறவியிலேயே கூர்மையான காது உள்ளவர்களின் வேலை, அது நமக்கு வாய்க்காது என்று எங்களுக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. அவர் செய்து காட்டியது இதுதான். பியானோவின் நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். மூன்றையும் ஒரு சுத்தியல் ஒன்றாகத் தட்டுகிறது. மூன்றில் ஒன்றை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு மற்ற இரண்டைக் கேட்கச் சொன்னார். ஒரு கம்பி விநாடிக்கு 440 முறையும் பக்கத்துக் கம்பி 442 முறையும் அதிர்ந்தால், அந்த ஒலி விநாடிக்கு இரண்டு முறை பெருகித் தணியும். ஊ... ஊ... ஊ... என்று காற்றில் கொடி அசைவது போல. டியூனிங் காரர்கள் இதை 'பீட்' என்கிறார்கள். வீணையின் பிருடை போல இங்கே ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எஃகு முளை. அதில் லீவரை மாட்டி மயிரிழை அளவு திருப்பினால் அலை மெதுவாகும். மேலும் மெதுவாகும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த அலையை முதல் நாள் நாங்கள் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு தங்கைக்குக் கேட்டது. "ஐயோ, ஆடுது!" என்று கத்தினாள். அடுத்த வாரம் எல்லோருக்கும் கேட்டது. ஒருமுறை கேட்டுவிட்டால் பின்பு கேட்காமல் இருக்க முடியாது. அதில் வரம் எதுவும் இல்லை. எதைக் கேட்பது என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும், தப்பாகக் கேட்க நேரம் தர வேண்டும். தலைமுறை தலைமுறையாக எங்களுக்குக் கிடைக்காதது இந்த இரண்டும்தான்.

இன்னொன்றையும் அவர் சொல்லித்தந்தார். இதைச் சமூகவியல் படித்தபோது யாரும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சப்தத்தில் ச–ப போன்ற ஐந்தாம் இடைவெளிகளை முழுச் சுத்தமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டு போனால், புறப்பட்ட ஸ்வரத்துக்குச் சரியாக வந்து சேராது. கொஞ்சம் தாண்டிவிடும். அந்தக் கணக்கு எப்படியும் இடிக்கும். பழைய காலச் சுருதிமுறைகள் சிலவற்றில் சில இடைவெளிகளை இனிமையாக வைத்துக்கொண்டு, மொத்தப் பிழையையும் யாரும் தொடாத ஒரே இடைவெளியில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அது ஊளையிடும். அதற்கு 'ஓநாய்' என்று பெயரும் வைத்தார்கள். இன்றைய பியானோவில் அந்தப் பிழையைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு எல்லா இடைவெளிகளும் சமமாகச் சுமக்கின்றன. அதனால் எதுவும் முழுச் சுத்தம் இல்லை, எதுவும் ஓநாயும் இல்லை. ரயிலில் திரும்பும்போது பாலிடெக்னிக் தம்பி சொன்னார்: "அப்ப சுத்தத்தைக் கொஞ்சம் விட்டாத்தான் சமம் வருமா?" யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தோம்.

இனி பழுதுபார்த்த கதை. ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

மழைக்காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சி வீங்கும். கட்டைகள் பக்கத்துக் கட்டையோடு உரசி நின்றுவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி நுழையும் துளைகளைத் தளர்த்தினோம். அடிப்பகுதியில் ஒரு சிறிய குண்டு பல்பு எரியவிட்டு ஈரத்தைக் குறைத்தோம். அந்த முதியவர் பல வீடுகளில் செய்த பழைய உபாயம் அது. சுத்தியல்களின் கம்பளி கல்லாக இறுகி, கம்பி பதிந்த தடம் ஆழமாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுத்து, ஊசியால் குத்தி இளக்கினோம். ஸ்வரங்கள் எல்லாம் அரைஸ்வரத்துக்கும் மேல் இறங்கிக் கிடந்தன. ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. ஒரு பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை இருக்கும். மூன்று சுற்றாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஏற்றினோம். அப்படியும் நான்கு கம்பிகள் அறுந்தன. ஒன்று தங்கையின் கையைக் கிழித்தது.

கட்டைகளின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் தகடு யானைத் தந்தம். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு துண்டுகள் சேரும் மெல்லிய கோடு தெரிந்தால் தந்தம் என்று அறியலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்கப் பியானோக்களுக்குப் போன தந்தத்தில் பெரும்பங்கு கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து சான்சிபார் வழியாக வந்தது. கடற்கரைவரை அதைச் சுமந்தவர்களில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் இருந்தார்கள். இதைப் படித்த அன்று மாலை எங்கள் அப்பாக்களின் தோள் ஞாபகம் வந்தது. பியானோ எங்கே போனாலும் சுமப்பவர் வேறு, தொடுபவர் வேறு.

அடுத்து நாங்கள் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி.

பியானோவின் உள்ளே தோல் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. சுத்தியலின் அடிக்கட்டையில் மெல்லிய தோல், ஒவ்வொரு சுத்தியலையும் இழுத்துப் பிடிக்கும் நாடாவின் முனையில் தோல். மரத்தை மரத்தோடும் கம்பளியோடும் ஒட்டியிருப்பது தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசை. மாட்டுத்தோலைக் கொதிக்கவைத்து எடுப்பது அது. முழுக்கக் கழற்றிப் பார்த்தால், ஆலயத்தின் முன்வரிசையில் அறுபது வருடம் மரியாதையோடு நின்ற அந்தப் பெட்டி, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பொருளால்தான் பிடித்து நின்றது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை எங்கள் படிப்பகத்தில் விவாதித்திருக்கிறோம். தோலைப் பதப்படுத்திப் பூட்டுபவருக்கு மேடையில் இடமில்லை என்று காரசாரமாகப் பேசியிருக்கிறோம்.

பூச்சி தின்ற தோல் துண்டுகளை மாற்ற வேண்டிய நாள் வந்தது. ஆம்பூரிலிருந்து மென்மையான ஆட்டுத்தோல் துண்டுகள் வாங்கிவந்தோம். யார் வெட்டுவது? எங்களில் ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: "தம்பிகிட்ட குடுங்க. அவங்களுக்குத் தோல் தெரியும்."

பாலிடெக்னிக் தம்பி அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருபவர். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதுண்ணா. எங்கப்பாவுக்கும் தெரியாது, அவரு நகராட்சியில தூய்மைப் பணி. தாத்தாவுக்குத்தான் தெரியும், அவரு செத்து இருவது வருஷம் ஆச்சு. நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ்" என்றார். தோல் துண்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அன்று யாரும் வேலை செய்யவில்லை. கணக்குப் பார்த்தோம். அதுவரை டார்ச் பிடித்தது யார்? தூசு கூட்டியது யார்? எலிக்கூட்டை அள்ளியது யார்? அந்தத் தம்பிதான். டீ வாங்கிவந்தது தங்கை. லீவர் யார் கையில் இருந்தது? எங்கள் கையில். அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை ஆதரித்து மேடையில் பேசியவர்கள் நாங்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் அண்ணல் எழுதியதைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பவர்கள் நாங்கள். ஒரு தோல் துண்டைப் பார்த்ததும் எங்கள் கண் யாரைத் தேடியது? எங்களிடம் "வீட்டுல யாரு பாடுவாங்க?" என்று கேட்டபோது சுருக்கென்றது. அதே கேள்வியை வேறு சொற்களில் நாங்கள் எங்கள் தம்பியிடம் கேட்டோம்.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். மன்னிப்போடு விட்டால் போதாது என்பதால் வேலைமுறையை மாற்றினோம். இருக்கும் எல்லா வேலைகளையும் கரும்பலகையில் எழுதி, வாரம் ஒருமுறை சுழற்சி. தோலை எல்லோரும் வெட்டினோம். முதல் இருபது துண்டுகள் எல்லோருடையதும் கோணல். வஜ்ஜிரத்தை ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்ச எல்லோரும் கற்றோம். அந்த நாற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். லீவர் தம்பி கைக்குப் போனது. உடனே அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதல் நாளே ஒரு கம்பியை அறுத்தார். ஒரே ஒரு கட்டையின் மூன்று கம்பிகளைச் சேர்க்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் தொடக்கத்தில் அதே நேரம்தான் ஆனது.

கற்றுக்கொள்ளும் உரிமைக்கான சண்டை இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. பாரிசில் பார்வையற்றோர் பள்ளி ஒன்று இருந்தது. பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் படித்த அதே பள்ளி. அங்கே மாணவராகச் சேர்ந்து ஆசிரியரான க்ளோத் மோந்தால், இன்னொரு பார்வையற்ற மாணவரோடு சேர்ந்து பள்ளியின் பியானோவைத் திறந்து சுருதி சேர்க்க முயன்றார். வழக்கமாக வரும் டியூனர் புகார் செய்தார். பியானோவின் உள்ளே கைவைக்கக் கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. அவர்கள் ஒரு பழைய பியானோவை வாங்கி, கழற்றி, பூட்டி, செய்தே காட்டினார்கள். மோந்தால் 1836இல் பியானோவுக்குத் தானே சுருதி சேர்ப்பது பற்றி ஒரு நூலே எழுதினார். பின்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமான பார்வையற்றோர் இந்த வேலையால் வாழ்ந்தார்கள். ஆனால் அதுவே நாளடைவில் "பார்வையற்றோருக்கு ஏற்ற வேலை" என்ற முத்திரையாகவும் ஆனது. கதவைத் திறப்பது ஒரு வேலை. திறந்த அறைக்குள்ளேயே பூட்டப்படாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. எங்கள் தம்பிக்கு நாங்கள் செய்ய இருந்தது இரண்டாவது பூட்டு.

கடந்த ஆண்டு நவம்பரில் பியானோ முழுதாகப் பாடியது. முதல் முழுச் சுருதிக்கு எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அத்தையை அழைத்துவந்து உட்காரவைத்தோம். எந்தக் கட்டை என்று அவருக்கு நினைவிருந்தது. இடப்பக்கத்திலிருந்து தேடி, நடுவில் ஒன்றை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். யாரும் அடிக்க வரவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஆலயக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தெருவில் போகும்போது சத்தம் கேட்டிருக்கிறது. "நல்லாப் பண்ணிருக்கீங்க தம்பி. பண்டிகை வருது. எங்க பியானோவைத் திருப்பி எடுத்துக்கலாம்னு பேசினோம். உங்க செலவைக் குடுத்துர்றோம்" என்றார்கள். நாங்கள் யோசித்துப் பதில் சொன்னோம். பண்டிகைக்கு நாங்களே கொண்டுவருகிறோம். நாங்களே சுருதி சேர்க்கிறோம். எங்கள் தங்கை வாசிப்பாள். எங்கள் பிள்ளைகள் பாடகர் குழுவில் முன்னால் நிற்பார்கள். முடிந்ததும் திரும்ப எடுத்துவந்துவிடுவோம்.

"கலந்து பேசிச் சொல்றோம்" என்று போனார்கள். கிறிஸ்துமஸ் போனது. பதில் வரவில்லை. ஜனவரியில் வேறு குரலில் செய்தி வந்தது: ஆலயச் சொத்தை வைத்திருப்பது முறையல்ல, புகார் கொடுக்க வேண்டிவரும்.

நாங்கள் அந்த நோட்டின் நகலை அனுப்பினோம். பியானோ என்று எதையும் நாங்கள் வாங்கியதாக அதில் இல்லை. "உடைந்த மரச்சாமான் – 1" என்றுதான் இருக்கிறது. அதை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடலாம், ஆனால் அது இப்போது எங்களிடம் இல்லை என்று எழுதினோம். அதன்பின் இதுவரை பேச்சில்லை. பிரச்சினை முடிந்துவிட்டதாக நாங்கள் நினைக்கவில்லை. எங்கள் நிபந்தனையும் அப்படியே இருக்கிறது. முன்வரிசை திறக்கும் நாளில் நாங்களே பியானோவைத் தூக்கிவருவோம். தூக்குவது எங்களுக்குப் பழக்கம்தான்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊரிலும் கழித்துக்கட்டப்பட்ட ஒரு பொருள் இருக்கும். தையல் இயந்திரம், டிரான்சிஸ்டர், ஆர்மோனியம், பம்ப்செட் எதுவாகவும் இருக்கலாம். திறந்து பாருங்கள். சொல்லித்தர ஆள் தேடுங்கள். ஆனால் லீவர் யார் கையில் இருக்கிறது, டார்ச் யார் கையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரம்பூர்க்காரர் சொன்னதுபோல, எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த ஞாயிறு சுருதி சேர்க்கும் முறை அந்தத் தம்பிக்கு. இப்போது அவருக்கு நான்கு மணிநேரம் ஆகிறது. டார்ச் பிடிப்பது நாங்கள்.

ஜெய்பீம்.